7. கரடியின் முகம்

கரடி என்று சொன்னதும் நம் கண்முன் வருவது முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் திரிகிற நம் ஊர்க் கரடிதான். சடைசடையாகத் தொங்கும் கறுப்பு மயிர், வெளிறிய மூக்கு, மார்பில் வெள்ளை வளைவு. இந்த அத்தியாயம் அதன் பெரிய உறவினரான பழுப்புக் கரடியைப் பற்றியது. தோளில் காளைக்கு இருப்பதைப் போல ஒரு திமில். பக்கவாட்டில் பார்த்தால் நெற்றியிலிருந்து மூக்குக்கு உட்குழிந்து இறங்கும் முகம். உடலோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய கண்கள். இந்தக் கண்கள்தான் நம் வேலையைக் கடினமாக்குகின்றன. அதைப் பின்னால் பார்ப்போம்.

லடாக்கின் திராஸ் பக்கம் இமயமலைப் பழுப்புக் கரடி உண்டு. ஆனால் எண்ணிக்கை குறைவு, கண்ணில் படுவதே பெரிது. ஒரே கரடியை மணிக்கணக்கில் பார்த்து, அதன் முகத்தை நிதானமாக எடுக்க வேண்டுமென்றால் நான் சொல்லும் இடம் அலாஸ்காவின் காட்மாய் தேசியப் பூங்கா. 2,000-க்கும் மேற்பட்ட பழுப்புக் கரடிகள் அங்கே வாழ்வதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஜூலையில் சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஆற்றில் எதிரேறி வரும்போது, புரூக்ஸ் அருவியில் கரடிகள் வரிசை கட்டி நிற்கும். ஆள் உயரம்கூடத் தாராளமாகத் தேறாத அருவி அது. ஆனால் தாவி ஏறும் மீனுக்கு அது ஒரு மதில்.

அந்த அருவியின் உச்சியில் நிற்கும் கரடியின் வாய்க்குள் சால்மன் ஒன்று தானாகவே பாய்வது போன்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். தாமஸ் மேங்கல்சன் 1988-இல் பிலிமில் எடுத்தது. அன்றிலிருந்து அங்கே போகிறவர்களில் பாதிப் பேர் அதே படத்தைத் திரும்ப எடுக்கத்தான் நிற்கிறார்கள். ஜூலையில் அருவி மேடையில் ஒரே நேரத்தில் 40 பேருக்குத்தான் இடம்; காத்திருப்பவர்கள் இருந்தால் ஒருவருக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை ஏற்கெனவே எடுக்கப்பட்ட படத்துக்காகச் செலவழிக்காதீர்கள். லென்ஸைக் கொஞ்சம் கீழே இறக்கி, மீன் கிடைக்காமல் நிற்கிற கரடியின் முகத்தைப் பாருங்கள். உருவப்படம் அங்கே இருக்கிறது.

எந்தக் கரடி?

உருவப்படம் என்றால் 'ஒரு கரடி' போதாது, 'இந்தக் கரடி' வேண்டும். மனிதரை எடுக்கும்போது இதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. விலங்கு என்றதும் மறந்துபோகிறோம்.

புரூக்ஸ் ஆற்றுக்குத் திரும்பத் திரும்ப வரும் கரடிகளுக்குப் பூங்காவினர் எண் கொடுத்திருக்கிறார்கள்; சிலவற்றுக்குப் பெயரும் உண்டு. 480 என்ற எண் கொண்ட ஓட்டிஸ், 2023 வரை அங்கே வந்த வயதான ஆண். வலது காது தொங்கிப்போனது, பற்கள் தேய்ந்தும் விழுந்தும் போனவை. மற்றவை பாய்ந்து பாய்ந்து அலைய, அது ஓரிடத்தில் உட்கார்ந்தபடி மீனுக்குக் காத்திருந்தது. 2014-இல் தொடங்கிய 'கொழுத்த கரடி' இணைய வாக்கெடுப்பில் நான்கு முறை வென்றது. 128 என்ற எண் கொண்ட கிரேசர் பெண். உடல் பழுப்பு, காதுகள் மட்டும் வைக்கோல் நிறம். குட்டிகளோடு இருக்கும்போது தன்னைவிடப் பெரிய ஆண்களையும் துரத்தும். ஓட்டிஸின் படமென்றால் அந்தக் காதும் அந்தப் பொறுமையும் அதில் இருக்க வேண்டும். கிரேசரை எடுப்பதென்றால் காதின் நிறம் தெரிகிற வெளிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

அதனால் முதல் அரை மணி நேரம் கேமராவைத் தொடாதீர்கள். எந்தக் கரடி எங்கே நிற்கிறது, எதற்கு வழி விடுகிறது, தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறது, முகத்தில் எங்கே தழும்பு என்று பார்த்து மனத்தில் வாங்குங்கள். குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதினாலும் நல்லது.

மாதத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஜூலையில் மீன் பிடிக்கும் காட்சி கிடைக்கும். ஆனால் பழைய மயிர் உதிரும் காலம், உடல் திட்டுத்திட்டாக இருக்கும். செப்டம்பரில் புது மயிர் அடர்ந்து, குளிர்கால உறக்கத்துக்காகச் சேர்த்த கொழுப்பில் முகம் உருண்டு, பெரிய ஆண்கள் 450 கிலோவையும் தாண்டி நிற்கும். கூட்டமும் குறைவு. முகம் எடுக்க வருகிறவருக்கு என் பரிந்துரை செப்டம்பர்.

தூரம்

காட்மாயில் கரடியிடமிருந்து குறைந்தது 50 கஜம், அதாவது சுமார் 45 மீட்டர், விலகி நிற்க வேண்டும் என்பது விதி. புரூக்ஸில் வந்து இறங்கியதும் எல்லோருக்கும் ஒரு பாதுகாப்பு வகுப்பு உண்டு; அதை முடித்த பிறகுதான் நடமாட விடுவார்கள். இந்த விதியைப் படத்துக்கு இடைஞ்சலாக நினைக்கிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முழுச்சட்டக் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் வைத்து 45 மீட்டர் தூரத்தில் பார்த்தால், சட்டத்துக்குள் அடங்குவது சுமார் 2.7 மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் உயரமும். வளர்ந்த கரடி ஒன்று பக்கவாட்டில் நின்றால் ஏறத்தாழ அந்த அளவுதான். ஆக, விதிக்குள் நின்றபடியே முழு உருவம் சட்டத்தை நிறைக்கும். தலையும் திமிலும் மட்டும் வேண்டுமென்றால் பாதியாகக் கிராப் செய்யலாம். 45 மெகாபிக்ஸல் கேமராவில் 8,256-க்கு 5,504 என்றிருப்பது, 4,128-க்கு 2,752 ஆகும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வைத்து அச்சிட்டால் 13 அங்குல அகலத்துக்குக் குறையாத படம். புத்தகத்தின் முழுப்பக்கத்துக்கு இது போதும். நெருங்கிப் போகத் தேவையே இல்லை.

மேடையில் நிற்கும்போது சில சமயம் கரடியே நம் காலடிக்குக் கீழே வந்து நடக்கும். எல்லோரும் பரபரவென்று எடுப்பார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலானவை தேறாது. காரணம் கோணம். கரடியின் கண்ணுக்கு மூன்று மீட்டர் மேலே நீங்கள் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். பத்து மீட்டரில் இருக்கும் கரடியை 17 பாகை சரிவில் பார்க்கிறீர்கள். மண்டையும் முதுகும்தான் தெரியும், பின்னணி முழுக்கத் தரையாக இருக்கும். அதே கரடி 45 மீட்டரில் நின்றால் சரிவு 4 பாகைக்குள் அடங்கிவிடும். கண்ணுக்குக் கண் பார்ப்பது போலவே தோன்றும். பின்னணியும் தூரமாகிக் கரைந்துவிடும். மேடையிலிருந்து நல்ல முகம் கிடைப்பது தொலைவில் நிற்கும் கரடியிடம்தான்.

தரையில் நிற்கும் இடங்களில் மண்டியிட முடிந்தால் மண்டியிடுங்கள். வழிகாட்டி எழச் சொன்னால் உடனே எழுங்கள். அனுபவம் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அலாஸ்காவின் கரடிகளைப் பல ஆண்டுகள் படமெடுத்த ஜப்பானியக் கலைஞர் மிச்சியோ ஹோஷினோ, 1996 ஆகஸ்டில் கம்சட்காவின் குரில் ஏரிக்கரையில் கூடாரத்தில் இருந்தபோது பழுப்புக் கரடியால் கொல்லப்பட்டார். அவரைவிடக் கரடியை அறிந்த ஒளிப்படக்காரர்கள் அன்று உலகில் சிலரே இருந்திருப்பார்கள்.

அபெர்ச்சர் பற்றி ஒரு வார்த்தை. 45 மீட்டரில் 600 மி.மீ. லென்ஸை எஃப் 4-இல் திறந்து வைத்தாலும் தெளிவு சுமார் 1.3 மீட்டர் ஆழத்துக்கு நிற்கும், பயமில்லை. பாதுகாப்பான மேடையிலிருந்து 15 மீட்டரில் எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். அங்கே ஆழம் 15 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். பெரிய கரடியின் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சாண் இருக்கும். நேர்முகமாக எடுத்தால் கண் தெளிந்து மூக்கு மங்கும். எஃப் 8-க்குப் போங்கள். ஷட்டர் வேகம் அசையாத முகத்துக்கு 1/500, நடக்கும் கரடிக்கு 1/1000, தண்ணீரைச் சிலிர்த்து உதறும்போது 1/2000. இந்த மூன்றையும் பின்பற்ற ஐஎஸ்ஓ எவ்வளவு ஏறினாலும் ஏறட்டும்.

வெளிச்சமும் எருமையும்

பழுப்புக் கரடியை எடுப்பதில் புதியவர்கள் அதிகம் தோற்பது எக்ஸ்போஷரில். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அருவி நுரை வெள்ளையாகச் சட்டத்தை நிறைத்தால் அதைச் சாம்பலாக்குவதற்காக மொத்தத்தையும் இருட்டாக்கும், கரடி கரித்துண்டாகிவிடும். அப்போது +0.7 முதல் +1 வரை கூட்ட வேண்டும். இதற்கு நேர் எதிராக, நனைந்த கரும்பழுப்புக் கரடி சட்டத்தை அடைத்து நின்றால் கேமரா அதை வெளுக்க வைக்கும். மயிர் சாம்பல் பூத்தது போலாகும். அங்கே -0.7 குறைக்க வேண்டும். நுரையில் ஓரிரு இடம் வெளுத்துப் போனால் போகட்டும், முகத்தின் நிழலில் விவரம் இருக்க வேண்டும். ஹிஸ்டோகிராமில் இடது சுவரில் மேடு முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதைப் பழக அலாஸ்கா போக வேண்டாம். உங்கள் ஊர் ஏரிக்கோ குளத்துக்கோ காலையில் போய், தண்ணீரில் கிடக்கும் எருமையை எடுங்கள். கறுத்த ஈர உடல், பளபளக்கும் தண்ணீர், கருமுகத்தில் கரிய கண். கரடியில் வரும் அத்தனை சிக்கலும் எருமையிலும் உண்டு. எருமையின் கண்ணில் ஒளிப்பொட்டு விழும்படியும் தோலின் கறுப்பில் மடிப்புகள் தெரியும்படியும் பத்துப் படம் எடுக்கத் தெரிந்துவிட்டால், ஆற்றங்கரையில் உங்கள் விரல் தானாக வேலை செய்யும். என்னிடம் கற்க வருகிறவர்களை முதலில் நான் அனுப்புவது எருமையிடம்தான்.

காட்மாயில் மழையும் மேகமும் சகஜம். மனம் தளர வேண்டாம். மேகம் மூடிய வானம் பெரிய வெள்ளைத் துணி விரித்தது போல. மயிரின் ஒவ்வொரு அடுக்கும் தெரியும், கண்ணில் வானத்தின் வெளிச்சம் மென்மையாக விழும். உச்சிவெயில்தான் எதிரி: புருவ மேட்டின் நிழலில் கண்கள் இரண்டு குழிகளாகிவிடும். அப்போது கேமராவை மூடிவிட்டுச் சாப்பிடப் போங்கள் (உணவுக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான், பையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு வரவே கூடாது). காலையிலும் மாலையிலும் சூரியன் கரடிக்குப் பின்னால் இருந்து, பின்னணி இருண்ட மரக்கூட்டமாக அமைந்தால், காதையும் திமிலையும் சுற்றி ஒளி விளிம்பு கட்டும். வருடத்துக்கு ஒருமுறை கிடைத்தாலும் மறக்க முடியாத வெளிச்சம் அது.

கண், காது, கொட்டாவி

கண்ணில் ஒளிப்பொட்டு இல்லாத கரடிப் படம் பாடம் பண்ணி வைத்த தலையைப் போல இருக்கும். பழுப்புக் கரடியின் கண் சிறியது, கருமையானது, சுற்றிலும் மயிரும் கருமையானது. கேமராவின் விலங்குக்கண் கண்டுபிடிப்பு வசதி பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் ஈர மூக்கின் பளபளப்பைக் கண் என்று எண்ணி ஏமாறுவதும் உண்டு. ஒற்றைப்புள்ளி ஃபோகஸை ஒரு பொத்தானில் தயாராக வையுங்கள். கரடி தலையைத் தாழ்த்தி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் எடுத்துப் பயனில்லை. மற்றொரு கரடியைப் பார்க்க நிமிரும்போது வானம் கண்ணில் விழும். ஒரு விநாடி, இரண்டு விநாடி. அதற்காகத்தான் காத்திருப்பு.

காதுகள் மனநிலையைச் சொல்லும். இரண்டும் முன்னோக்கி நின்றால் கவனம். பின்னோக்கிப் படிந்தால் எரிச்சல். கொட்டாவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாயை அகலத் திறந்து கோரைப்பற்கள் தெரியக் கொட்டாவி விடும் கரடியைப் பார்த்ததும் மேடை முழுக்க ஷட்டர் சத்தம் கேட்கும். அது தூக்கக் கலக்கமாக இல்லாமல் பதற்றமாக இருப்பதே அதிகம். பக்கத்தில் பெரிய ஆண் வந்திருக்கலாம். நாமே காரணமாகவும் இருக்கலாம். கடவாயில் எச்சில் நூலாக ஒழுகினாலோ, தாடையைப் பட்பட்டென்று அடித்தாலோ கேமராவை இறக்கிவிட்டுப் பின்வாங்குங்கள்.

சட்டத்துக்குள்

முக்கால்பங்கு திரும்பிய முகம்தான் பழுப்புக் கரடிக்கு மிகப் பொருத்தம் என்பது என் தீர்மானம். உட்குழிந்த மூக்கு வளைவு தெரியும், இரு கண்களும் தெரியும், பின்னால் திமில் எழுந்து நிற்கும். திமிலை வெட்டினால் இது எந்தக் கரடி என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும். பார்வை போகிற பக்கம் இடம் விடுங்கள். ஆனால் விதி என்பதற்காக மூன்றில் ஒரு பங்கைக் கோடு போட்டு அளக்க வேண்டாம். நேர்முகமாக நம்மைப் பார்க்கும் கரடியை நட்டநடுவில் வைப்பதே சரி.

அடிவானக் கோடோ மறுகரைக் கோடோ காதுகளுக்கு நடுவே ஓடி மண்டையை இரண்டாக வெட்டாதபடி ஓர் அடி இடமோ வலமோ நகருங்கள். கால்களை மணிக்கட்டில் வெட்டாதீர்கள்: முழங்கைக்கு மேலே நிறுத்துங்கள், இல்லையென்றால் நகம் வரை சேருங்கள்.

திருத்தம்: ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்

செப்டம்பர் மழையில், ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற இளம் பெண்கரடி ஒன்றின் படம் என் மேசையில் இருக்கிறது. மொத்தம் 212 படங்கள் எடுத்தேன். முதல் சுற்றில் கண் தெளிவில்லாதவற்றை நீக்கியதும் 60 ஆனது. ஒளிப்பொட்டு இல்லாதவற்றை நீக்கியதும் 14. அந்தப் பதினான்கை அன்று தொடவில்லை, ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். மூன்று நின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் திருத்தினேன். திருத்தத்தில் பாதி வேலை இந்தக் கழித்தல்தான்.

முதலில் நிறச் சமநிலை. மழைநாள் வெளிச்சம் நீலம் பாய்ந்தது. கரையோரப் புல்லின் பச்சை மோவாயில் ஏறியிருந்தது. வெப்பத்தைச் சற்றே கூட்டினேன், மோவாய்ப் பகுதிக்கு மட்டும் பச்சையைக் குறைத்தேன். முழுப் படத்தையும் செம்பழுப்பாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்க வேண்டும். மழையில் நின்ற கரடியில் மழையின் குளிர்ச்சி இருக்க வேண்டும்.

பிறகு நிழல்கள். அவற்றைச் சற்றுத் தூக்கினேன், +20 அளவுக்கு. அதற்கு மேல் போனால் கருமை சேறாகும், நிழலிலிருந்து மணல்மணலாக இரைச்சல் எழும். கறுப்புக்குக் கறுப்பு வேண்டும். மூக்குத் துளையும் வாயோரமும் கருமையாக இருந்தால்தான் மற்ற இடத்து மயிருக்கு உயிர் வரும். கண்ணை மட்டும் தூரிகையால் தேர்ந்து 0.4 ஸ்டாப் வெளிச்சம் கூட்டினேன். ஒரு ஸ்டாப் கூட்டியிருந்தால் கண் விளக்குப் போல எரிந்திருக்கும். இல்லாத ஒளிப்பொட்டை வரைந்து வைப்பதை நான் ஏற்பதில்லை.

மயிரில்தான் கை அடங்க வேண்டும். கிளாரிட்டி, டெக்ஸ்சர், ஷார்ப்னிங் மூன்றையும் ஒருசேர ஏற்றினால் மயிர் தேங்காய் நாராகிவிடும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை முழு வேகத்தில் விட்டால் மெழுகுப் பொம்மையாகும். இரைச்சல் நீக்கத்தைப் பின்னணியில் தாராளமாகவும் முகத்தில் பாதியாகவும் வைத்தேன். கூர்மையைக் கண், மூக்கு, காது விளிம்பு ஆகியவற்றுக்கு மட்டும் கொடுத்தேன். பின்புறம் வெளிறித் தெரிந்த ஒரு பாறையைச் சற்று இருட்டாக்கினேன். அச்சுக்கு முன் மொத்தத்தையும் சிறிது வெளிச்சமாக்கினேன். திரையில் சரியாக இருக்கும் கரும்பழுப்பு காகிதத்தில் ஒரு படி கறுக்கும், மேட் காகிதத்தில் இன்னும் கறுக்கும்.

அதன் மூக்கின் மேல் ஆறாத கீறல் ஒன்று இருந்தது. மோவாயில் மீன் செதில் ஒட்டியிருந்தது. இரண்டு சொடுக்கில் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. கீறல் போய்விட்டால் அது எந்தக் கரடி? ஓட்டிஸின் காதை நிமிர்த்திவிட்டால் அது ஓட்டிஸ் ஆகுமா?

படத்தோடு போக வேண்டிய வரி

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஆண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில், 2009-இல் வேலியைத் தாண்டும் ஓநாய்ப் படம் ஒன்று முதல் பரிசு பெற்றது. அந்த ஓநாய் பழக்கப்பட்டதாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்ததால் 2010 ஜனவரியில் பரிசு பறிக்கப்பட்டது. கரடியிலும் இந்தக் கேள்வி உண்டு. அமெரிக்காவில் ஒளிப்படக்காரர்களுக்காகக் கூண்டில் வளர்த்து வாடகைக்கு விடும் பண்ணைகள் இருக்கின்றன. அங்கே எடுக்காதீர்கள். ஃபின்லாந்தின் கிழக்கெல்லையில், குஹ்மோ போன்ற ஊர்களுக்கு அருகே, இரவு முழுக்க மரக்குடிலில் அமர்ந்து எடுப்பார்கள். கரடிகள் காட்டுக் கரடிகளே, ஆனால் அவற்றை வரவழைக்க உணவு வைப்பது வழக்கம். அங்கே எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. சொல்லாமல் விடுவதில்தான் மறுப்பு.

ஆகவே ரா கோப்பை அழிக்காமல் வையுங்கள். படத்தின் கீழ் ஒரு வரி எழுதுங்கள்: எந்த இடம், எந்த மாதம், உணவு வைத்து வரவழைத்ததா இல்லையா, எண்ணோ பெயரோ தெரிந்தால் அதுவும். பத்திரிகைக்கு அனுப்பினாலும் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், அந்த வரியையும் சேர்த்தே அனுப்புங்கள்.